சோலரில் 60,000 முடிவுகளை ஏற்றுமதி செய்ய வழி கேட்கிறேன்

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நூல் அட்டவணைக்கு அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருள், அதன் முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர். பயனர் தேர்ந்தெடுக்கும் பதிவுகளின் அடையாள எண்களை அனுப்பி சிஎஸ்வி எடுக்கிறோம்.

எல்லாவற்றையும் யூஆர்எல்லிலேயே அனுப்பும் கெட் கோரிக்கையில் 414 (யூஆர்எல் மிக நீளம்) பிழை. காரணம் தெரியும்: சோலர் ஓடும் ஜெட்டி என்ற வெப் சர்வரின் ஹெடர் வரம்பு 8192 பைட். தமிழ் இதில் சீக்கிரம் முட்டும். 'பினாங்கு' என்ற ஒரே சொல் யூஆர்எல்லில் 72 எழுத்து ஆகிவிடுகிறது, ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 9 வீதம்.

தரவைக் கோரிக்கையின் உடலில் அனுப்பும் போஸ்டுக்கு மாற்றியதும் 413 (உடல் மிகப் பெரிது) பிழை. அது என்ஜின்எக்ஸின் 1 எம்பி வரம்பு; 20 ஆக்கினோம். அடுத்து சோலரே 400 (தவறான கோரிக்கை) பிழை கொடுத்தது. 36 எழுத்து எண், காற்புள்ளிக்கு (%2C) 3 என 60,000 எண்களுக்கு 23,40,000 பைட். சோலரின் அமைப்புக் கோப்பான சோலர்கான்ஃபிக்கில் படிவத் தரவு வரம்பு 2048 கேபி. அதையும் உயர்த்தியாயிற்று. எண்களை 'ஆர்' (OR) போட்டு இணைத்தால் 1024 நிபந்தனை வரம்பு இடிக்கும் என்பதால், பட்டியலை அப்படியே ஏற்கும் டெர்ம்ஸ் பார்சர்தான் பயன்படுத்துகிறோம்.

வரம்புகளை இப்படி ஏற்றிக்கொண்டே போவது சரியான வழியாகப் படவில்லை. எண்களை அனுப்பாமல் தேடலையே மறுபடி ஓட்டலாம். ஆனால் முழு முடிவையும் ஒரே ஓட்டத்தில் தரும் சோலரின் எக்ஸ்போர்ட் ஹேண்ட்லருக்கு, எடுக்கும் எல்லாப் புலத்திலும் டாக்வேல்யூஸ் (புலவாரியாகச் சேமித்த மதிப்புகள்) வேண்டும். எங்கள் குறிப்புரைப் புலம் டெக்ஸ்ட் வகை, அது டாக்வேல்யூஸை ஏற்காது. அதை ஏற்கும் ஸ்ட்ரிங் வகைப் புலத்துக்கு நகலெடுத்தால் 32,766 பைட் உச்சம், தமிழில் சுமார் 10,900 குறிகள்தான். சில குறிப்புரைகள் அதைத் தாண்டும்.

விட்ட இடத்திலிருந்து அடுத்த தொகுதியைத் தரும் கர்சர்மார்க்கில் 1000 பதிவு வீதம் எடுத்தால் போதுமா? நடுவில் புதுப் பதிவு சேர்ந்தால் வரிசை கலையாமல் எப்படிக் காக்கிறீர்கள்? தமிழ்த் தரவில் செய்தவர்கள் உங்கள் வரிசைப்படுத்தும் அமைப்பைப் பகிர்ந்தால் பேருதவி.