சொந்தப் பிறந்தநாளை நாமே சொல்லலாமா?

மழைக்காகம்:
வயசு வந்தவங்க தன் பிறந்தநாளைத் தானே சொல்லக் கூடாது, இதுதான் என் கட்சி. சொன்னதுமே கேட்டவர் தலையில் ஒரு கடமை ஏறிடுது. அதிலும் 40 பேர் இருக்கிற ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கேட்கவே வேண்டாம். ஒருத்தர் வாழ்த்தினதும் மத்தவங்க வரிசையா வந்தே ஆகணும். வராதவர் யாருன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிடும்.

நேர்வழி:
குழுவில் போடாதே என்பது சரி, அதற்காக வாயையே திறக்காதே என்பது அதிகம். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்தான் பெரிய தொல்லை. ஒரு வாரம் முன்பே, நெருங்கியவரிடம் மட்டும், "வர்ற சனிக்கிழமை என் பிறந்தநாள், சாயங்காலம் வெளியே சாப்பிடப் போலாமா? செலவு என்னுடையது" என்று சொல்லுங்கள். வேறு வேலை இருந்தால் அவர் மறுக்கவும் வழி இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி சொன்னால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

செலவு யாருடையது என்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. கூப்பிட்டவர் கொடுப்பார் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள், பிறந்தநாள்காரருக்கு நண்பர்கள் கொடுப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார். பில் வந்ததும் மேஜையே ஊமையாகிவிடும்.

மழைக்காகம்:
சரி, கூடவே "பரிசெல்லாம் வேண்டாம்"னு ஒரு வரி சேர்ப்பாங்களே? அதுவரைக்கும் பரிசைப் பத்தி நினைக்காதவனுக்கும் அதைக் கேட்டதும்தான் ஞாபகம் வரும்.

நேர்வழி:
அந்த வரி தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். "என்ன வாங்கட்டும்?" என்று அவராகக் கேட்டால் மட்டும் பதில் சொன்னால் போதும்.

கணக்குப்பிள்ளை:
குழுவில் அறிவிப்பவர்கள் மறக்கும் ஒன்று: 23 பேர் இருந்தாலே எவராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டும். 40 பேர் என்றால் சுமார் 89. அதாவது ஆரவாரமாக ஒருவர் வாழ்த்து வாங்கும்போது, அதே தேதியில் பிறந்த இன்னொருவர் அதே குழுவில் பேசாமல் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருக்கலாம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிறந்தநாள் கொண்டாடுவதே இல்லை. அதனால் ஆளைக் கேட்காமல் ஆபீஸ் சுவரில் பிறந்தநாள் பட்டியல் ஒட்டுவதும் தப்பு.

சாளரம்:
சமூக ஊடகத்தையும் சேர்த்துப் பேசுங்கள். ஃபேஸ்புக்கில் தேதி-மாதத்தை யார் பார்க்கலாம், வருடத்தை யார் பார்க்கலாம் என்று தனித்தனியாக அமைக்கலாம். வருடத்தைக் கண்டிப்பாக மறையுங்கள், ஏனென்றால் போனில் அடையாளம் சரிபார்க்கும்போது பல இடங்களில் கேட்பது முழுப் பிறந்த தேதியைத்தான். மறைத்துவிட்டு அன்றைக்கே "35 முடிந்தது" என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களை என்ன சொல்வது! கழித்துப் பார்த்தால் வருடம் கையில். தேதியையும் மறைத்தால் நண்பர்களுக்கு நினைவூட்டல் போகாது. அப்புறம் வாழ்த்து வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

மழைக்காகம்:
மறைக்கிறதுதான் என் கட்சிக்கும் வசதி. ஆனா "இன்னைக்கு என்ன விசேஷம்?"னு ஒருத்தர் நேராகக் கேட்டால் மழுப்ப வேண்டாம், சொல்லிடலாம். அவ்வளவுதான் என் சலுகை.

நேர்வழி:
ரெண்டு நாள் கழித்துத் தெரிந்து வாழ்த்துகிறவருக்கு?

மழைக்காகம்:
"நன்றி"யோட நிறுத்திக்கணும். "பரவாயில்ல, யாருக்குமே ஞாபகம் இல்ல"ன்னு சேர்த்தா, வாழ்த்த வந்தவர் மன்னிப்பு கேட்டுட்டுப் போகணும்.