மகள் போன் 9 மணிக்கு லாக் ஆகிவிடுகிறது, எப்படி எடுப்பது? அவசரம்

கோரையாற்றங்கரை (இரவு 9.08)
எல்லோருக்கும் ஸலாம். மகள் போன் சரியாக 9 மணிக்கு லாக் ஆகிவிடுகிறது. அவளுடைய அத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுகிறது. போன மாதம் வரை இப்படி இல்லை. செட்டிங் எங்கே மாற்றுவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பவானி ஜமுக்காளம் (9.15)
என்ன போன்? ரெட்மியா? அதில் பேட்டரி சேவர் நேரம் வைத்து ஓடும். என் தங்கை போனிலும் இதே கதைதான், ராத்திரி ஆனால் எல்லாம் நின்றுவிடும். பேட்டரி என்று போய், அந்த ஆப்பை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். நூற்றுக்கு நூறு இதுதான்.

திருச்சி சர்வீஸ் (9.19)
பேட்டரி சேவர் போனைப் பூட்டாது. சகோதரி, மகளுக்கு என்ன வயது? போனில் இருப்பது யாருடைய கூகுள் கணக்கு? லாக் ஆகும்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது? எந்த ஆப்பில் பேசுகிறீர்கள்? இது நான்கும் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

மடிக்கணினி மதுரை (9.24)
இங்கே பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, என்ன ஆப், எல்லாவற்றையும் முதல் பதிவிலேயே எழுத வேண்டும். 'செட்டிங் எங்கே' என்றால் போனில் நூறு செட்டிங் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசினால், அதை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

கோரையாற்றங்கரை (9.41)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. சாம்சங் போன். அவர் துபாயில் இருக்கிறார், அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ்தான் போகும், கால் போகாது, அதனால் போட்டிம் என்ற ஆப்பில் வீடியோ கால் பேசுவோம். போன பெருநாள் லீவில் வந்தபோது ஃபேமிலி லிங்க் என்று ஒன்று போட்டுவிட்டுப் போனார், இவள் யூடியூப் அதிகம் பார்க்கிறாள் என்று. அதுதான் காரணமா? ஆனால் போன மாதம் வரை ஒன்றும் ஆகவில்லையே.

திருச்சி சர்வீஸ் (9.46)
அதுதான், அதேதான். பிள்ளையின் போனுக்குப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே நேரம் வைக்கும் கூகுள் ஆப் அது. போன மாதம் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள்?

கோரையாற்றங்கரை (9.49)
ஏழரைக்கு. இந்த மாதம் அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. ரூமுக்கு வரவே அங்கே ஏழேகால், நமக்கு எட்டே முக்கால். குளித்துச் சாப்பிடாமல் அப்படியே கூப்பிடுவார், பிள்ளை தூங்கிவிடுவாளே என்று. இவள் போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்துவைத்துக் கணக்கு நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள், 847ஐ 6ஆல் வகுக்க வேண்டும். 141 வரைக்கும் வந்துவிட்டாள். மீதி எவ்வளவு என்று அவர் கேட்டார், அந்த இடத்தில் போய்விட்டது. மூன்று நாளாக இப்படியே.

மடிக்கணினி மதுரை (9.55)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அப்பா போனில் இருக்கும் நேரப்படி பூட்டுகிறது, அதனால்தான் குழப்பம். இரண்டு போனையும் ஒரே நேர மண்டலத்தில் வையுங்கள்.

திருச்சி சர்வீஸ் (9.58)
அண்ணே, துபாய் நேரப்படி பூட்டியிருந்தால் இங்கே பத்தரைக்கு அல்லவா பூட்ட வேண்டும்? அவர் 9 என்று வைத்தார், இங்கேயும் 9க்கே பூட்டுகிறது. போன் சரியாகத்தான் இருக்கிறது, ஷிப்ட்தான் மாறியிருக்கிறது. நேர மண்டலத்தில் கை வைத்தால் வேறு சிக்கல் வரும், வேண்டாம்.

சகோதரி, இன்றைக்கு மட்டும் உடனே திறக்க ஒரு வழி உண்டு. அவர் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைத் திறந்தால் பெற்றோர் அணுகல் குறியீடு என்று எண்கள் வரும். அதைச் சாதாரண போன்காலிலோ மெசேஜிலோ சொல்லச் சொல்லி, மகள் போனில் அடித்தால் திறக்கும். மகள் போனில் நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். ஆனால் இரண்டு போனிலும் தேதியும் நேரமும் தானாக எடுப்பதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குறியீடு தவறு என்று சொல்லும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, அந்த ஆப்பில் டவுன்டைம் என்று இருப்பதை, அதாவது இரவில் போன் பூட்டும் நேரத்தை, 9இலிருந்து 10க்குத் தள்ளச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாகவும் வைக்கலாம்.

பவானி ஜமுக்காளம் (10.04)
ஒருமுறை பேட்டரியையும் பார்த்துவிடுங்கள், எதற்கும்.

மடிக்கணினி மதுரை (10.10)
எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. 10 வயதுப் பிள்ளைக்குத் தனியாக எதற்கு போன்? அம்மா போனில் பேசினால் முடிந்தது. நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இரட்டைப் பிள்ளை அம்மா (10.17)
அது 2019இல் வந்தது, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. அதிலும் ஒரு மணி நேரம் என்பது 2 முதல் 4 வயது வரை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைத் தூக்கி வைக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் சொன்னதையும் பாருங்கள், ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொன்னவர்களே வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கே அந்த விலக்கு உண்டு என்றால் இந்தப் பிள்ளை தன் அத்தாவிடம் வகுத்தல் கேட்பதை யூடியூபோடு சேர்த்து எப்படி ஒரே கணக்கில் எழுதுவது? பிள்ளை தனியாகக் குனிந்து பார்ப்பது வேறு, பெற்றவரோடு சேர்ந்து பார்ப்பது வேறு. என் வீட்டில் இரண்டையும் பார்க்கிறேன், முகத்திலேயே தெரியும்.

மடிக்கணினி மதுரை (10.22)
விலக்கு என்று ஆரம்பித்தால் எல்லாமே விலக்காகத்தான் முடியும். பத்து மணி வரை போன் கையில் இருந்தால், கால் முடிந்த பிறகு என்ன பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பூட்டு இருப்பதே நல்லது.

கீழக்கரைக்காரன் (10.31)
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வாப்பா 1980களில் ஜித்தாவில் இருந்தார். போன் கிடையாது, கடிதம், அப்புறம் யாராவது ஊருக்கு வந்தால் அவர்கள் கையில் ஒரு கேசட். ஒரு பக்கம் முப்பது நிமிடம். அவர் பேசிய பக்கத்தைக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் உம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பேசச் சொல்லுவார். நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன், ஏழெட்டு ஐம்பத்தாறு வரும்போது டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று மேலே வந்துவிட்டது. மீதியைச் சொல்ல அடுத்த ஆள் போகும்வரை காத்திருக்க வேண்டும், அது நாலு மாதமோ என்னவோ. அந்த டக் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தங்கச்சி 141 என்று எழுதியதைப் படித்ததும் அதுதான் வந்தது. யூடியூபுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அத்தாவின் நேரத்தை யாரும் குறைக்காதீர்கள்.

திருச்சி சர்வீஸ் (10.38)
மதுரை அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. டவுன்டைமைப் பத்துக்கு மாற்றிவிட்டு, யூடியூபுக்கு மட்டும் தனியாக நாளைக்கு அரை மணி நேரம் என்று அதே ஆப்பில் வரம்பு வைக்கலாம். அது தீர்ந்தால் யூடியூப் மட்டும் மூடும், போட்டிம் நடக்கும். வீட்டில் டேப்லெட்டும் இருந்தால் கவனம், முழு போனுக்கும் வைக்கும் தினசரி வரம்பு என்பது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கணக்கு.

சகோதரிக்கு முக்கியமாக ஒன்று. இப்போது சாவி முழுவதும் துபாயில் இருக்கிறது, அவர் டியூட்டியில் இருந்தால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. குடும்பக் குழுவில் உங்கள் ஜிமெயிலைச் சேர்த்து, உங்களுக்கும் பெற்றோர் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்தே எல்லாம் மாற்றலாம். உங்களிடம் ஆண்ட்ராய்டு போன்தானே?

இரட்டைப் பிள்ளை அம்மா (10.44)
மாற்றும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, எதற்காக 10, எதற்காக அரை மணி நேரம் என்று அவளுக்கும் சொல்லிவிடுங்கள். என் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பூட்டினேன், ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

மடிக்கணினி மதுரை (11.02)
அம்மா போன் என்ன ஆயிற்று என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பவானி ஜமுக்காளம் (மறுநாள் காலை 7.20)
என்ன ஆச்சு, சரியாகிவிட்டதா?

கோரையாற்றங்கரை (இரண்டு நாள் கழித்து, இரவு 9.52)
சரியாகிவிட்டது. திருச்சி அண்ணன் சொன்னபடி அவர் வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் சேர்த்துவிட்டார். 10 மணி வைத்திருக்கிறோம், யூடியூப் அரை மணி நேரம், அவளிடமும் சொல்லிவிட்டோம். என் போனில் கேமரா உடைந்திருக்கிறது, அதனால்தான் அவள் போன். மீதி 1 என்று சொல்லிவிட்டாள். இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன்.