ரன்னிங்-இன்: ‘படிமான ஓட்டம்’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய குழுமத்தினருக்கு வணக்கம்.

புதிய கார் என்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை அதைக் கவனத்தோடு ஓட்டும் தொடக்கக் கட்டமான ‘ரன்னிங்-இன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக, நம் குழுமத்தில் மென்னோட்டம், தொடக்க ஓட்டம், பதப்படுத்தல், பழக்கோட்டம் ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சொற்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் என்ஜினுக்குள் நடப்பதை அவை சொல்லவில்லை, ஒன்று அதைத் தவறாகவே சொல்கிறது.

பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும் உருளையின் (சிலிண்டர்) உட்சுவர் முழு வழவழப்பாக விடப்படுவதில்லை. துளையிட்டு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஹோனிங் கற்கள் எனப்படும் நுண்தேய்ப்புக் கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் நகர்த்துவதால், ஒன்றையொன்று சாய்வாக வெட்டும் நுண்வரிகள் சுவரெங்கும் விழுகின்றன. அவ்வரிகளின் பள்ளங்கள் மசகெண்ணெயைப் பிடித்துவைக்க, மேடுகள் பிஸ்டனைச் சுற்றிப் பொருத்திய புதிய வளையத்தின் (ரிங்) முகத்தோடு உராய்ந்து தேய்கின்றன. வளையமும் சிறிது தேய்கிறது. இவ்வாறு இரு பரப்புகளும் ஒன்றுக்கொன்று ஏற்றபடி தேய்ந்து, சுற்றளவு முழுவதும் நெருங்கித் தொடும் நிலையை அடைவதுதான் இக்கட்டத்தின் முதன்மையான வேலை. அது நடக்காவிட்டால், எரிந்த வாயு வளையத்தைத் தாண்டிக் உருளைக்குக் கீழுள்ள கிராங்க் அறைக்குள் கசியும். எண்ணெய் மேலேறி எரிந்து குறையும்.

குழுமத்தில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> புது வண்டியை மெதுவாக ஓட்டுவதைத்தானே இது குறிக்கிறது? ‘மென்னோட்டம்’ போதுமே.

போதாது என்பதோடு, தவறான பழக்கத்திற்கும் அது வழிவகுக்கும். வளையம் சுவரோடு அழுந்துவது தன் வில்விசையால் மட்டும் அன்று. எரிதலின்போது வளையத்தின் பின்புறம் புகும் வாயுவின் அழுத்தமே அதனை வலுவாக வெளிநோக்கித் தள்ளுகிறது. சுமையே இல்லாமல் நெடுநேரம் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாமல் மேடுகள் தேயாமலே நிற்க, சுவரில் தங்கிய எண்ணெய் சூட்டில் வெந்து, வழுக்கும் படலமாக இறுகிவிடக்கூடும். அப்படி இறுகிய பின் வளையம் என்றைக்கும் சரியாக அமராது; உருளையை மீண்டும் ஹோனிங் செய்ய நேரும். பிஸ்டன் என்ஜின் பொருத்திய சிறு விமானங்களில் இக்காரணத்தினாலேயே புதிய உருளைகளை 65 முதல் 75 விழுக்காடு ஆற்றலில் ஓட்டச் சொல்கிறார்கள். எண்ணெய்ச் செலவு ஒரே அளவில் நிலைபெறுவதை வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். கார்க் கையேடுகள் பலவும் முதல் 1000 அல்லது 1500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலரேட்டரையும் உச்சச் சுழற்சியையும் தவிர்க்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பக்கத்தில், ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு செல்லக் கூடாது என்றும், உயர் கியரில் என்ஜினைத் திணறவிடக் கூடாது என்றும் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. சுமையும் சுழற்சியும் மாறிமாறி வரவேண்டும் என்பதே அதன் பொருள். ‘மென்னோட்டம்’ என்னும் சொல் இதில் பாதியை மறைத்துவிடுகிறது.

‘தொடக்க ஓட்டம்’ காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓடும் ஓட்டத்தோடு மயங்கும். ‘பதப்படுத்தல்’ உலோகவியலில் வெப்பத்தால் பதமாக்குவதற்கு வழங்கும் சொல். என்ஜினின் பாகங்கள் பல அவ்வாறு பதப்படுத்தப்பட்டே வருவதால் ஒரே பாடத்தில் இரு பொருள் மோதும்.

‘பழக்கோட்டம்’ நெருங்கி வருகிறது. மாட்டை வண்டிக்குப் பழக்குவது, வசக்குவது என்னும் வழக்குகள் நம்மிடம் உயிரோடு இருக்கின்றன. ‘வசக்கோட்டம்’ என்று சொல்லிப் பார்க்கவும் எனக்கு ஆசைதான். ஆயினும் வசக்குவதில் ஒருவர் அடக்க மற்றொன்று அடங்குகிறது. இங்கோ இரு பரப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன. அத்துடன் ‘பழக்கோட்டம்’ என்றால் பெரும்பாலோர் ஓட்டுநர் பயிற்சி என்றே எண்ணுவர்.

பட்டறையில் எவரும் இவற்றைச் சொல்வதில்லை. ‘ரிங் செட் ஆகவில்லை’, ‘வால்வு உட்காரவில்லை’ என்பதே அங்குள்ள பேச்சு. அந்த ‘செட் ஆவது’ தமிழில் படிதல் ஆகும். கதவு நிலையில் படிமானமாக உட்காருகிறது என்கிறோம். மாடு வழிக்குப் படிந்தது என்றும் சொல்கிறோம். ஆகவே பழக்கோட்டத்தை முன்மொழிந்தவரின் கருத்தும் இதில் அடங்கிவிடுகிறது. எனவே நிகழ்வுக்குப் படிமானம், அதற்காக ஓட்டுவதற்குப் படிமான ஓட்டம், கையேட்டில் குறிக்கும் தொலைவுக்குப் படிமானக் காலம், வினையாகப் படியவைத்தல் என்று கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதே என்ஜினுக்குள் கரிப்படிவு என்று ஏற்கெனவே ஒரு சொல் வழங்குகிறது. படிவது நன்மையா தீமையா என்று மாணவர் குழம்பக்கூடும். இதனால்தான் ‘படிவு’, ‘படிவோட்டம்’ ஆகியவற்றை நான் விலக்கினேன். ‘படிமானம்’ பொருத்தத்தையே முதலில் நினைவூட்டுவதால் மயக்கம் குறையும் என்று கருதுகிறேன்.

பிரேக்குக்கும் இச்சொல் செல்லும்: முதல் சில நூறு கிலோமீட்டரில் பிரேக் பேடின் பொருள், அது அழுந்தும் பிரேக் வட்டின் (டிஸ்க்) மேல் மெல்லிய சீரான படலமாக ஏறி, இரண்டும் முழுப்பரப்பில் தொடத் தொடங்குகின்றன. புதிய டயருக்கு இது பொருந்தாது. அங்கே டயரை வார்ப்பச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுக்குப் பொருள் தேய்ந்து போகிறதேயன்றி எதுவும் எதனோடும் படிவதில்லை.

இக்கால என்ஜின்களில் உருளைச் சுவரிலுள்ள மேடுகளின் நுனிகளைத் தொழிற்சாலையிலேயே நீக்கிவிடுவதால் இச்சொல்லே தேவையற்றது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதனால் படிமானம் விரைவில் முடிகிறது, இல்லாமற்போவதில்லை.

‘ஓட்டம்’ என்னும் பின்னொட்டு, சாலையில் ஏறாமல் சோதனை மேடையிலேயே ஓடும் என்ஜினுக்கும் ஏற்குமா என்பதில் மட்டும் தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன். ‘என்ஜின் ஓடுகிறது’ என்னும் வழக்கு இருப்பதால் ஏற்கும் என்பதே என் எண்ணம்.