ஊர்க்காசா, வட்டாரப் பணமா: ஒரு கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மேல்நிலை வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்காக நான் எழுதிவரும் சிறுநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெருங்கடைகளின் வழியே வெளியேறிவிடும் பணத்தைத் தங்கள் பகுதிக்குள்ளேயே சுற்றவைப்பதற்காக, மக்கள் தாமே வெளியிட்டுக்கொண்ட பணத்தாள்களைப் பற்றி அதில் ஓர் இயல் உண்டு. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் பிரீன் ஊரில் கிறிஸ்தியான் கெல்லேரி என்னும் ஆசிரியர் மாணவர்களோடு 2003இல் தொடங்கிய கீம்கவர்தான் என் முதன்மைச் சான்று. ஒரு கீம்கவர் ஒரு யூரோவுக்குச் சமம். ஆனால், அதைப் பெற்ற ரொட்டிக்கடைக்காரர் யூரோவாக மாற்றப் போனால் நூற்றுக்கு 5 கழித்துக்கொள்வார்கள்; அதில் 3 உள்ளூர்ச் சங்கங்களுக்குப் போகும். ஆகவே அவர் அந்தத் தாளையே கொடுத்துப் பக்கத்து ஆலையில் மாவு வாங்கப் பார்ப்பார். இத்தகைய பணத்துக்குப் பொதுச்சொல் என்ன? நான் கரும்பலகையில் ‘வட்டார நாணயம்’ என்று எழுதியதும், ஒரு மாணவி, “பழைய நாணயம் சேர்ப்பார்களே, அதுவா?” என்று கேட்டாள்.

மறுமொழி 1

‘நாணயம்’ வேண்டாம். நா, நயம் என்று அதைப் பிரித்துக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது வடமொழி ‘நாணக’த்தின் வழிவந்ததாகவே படுகிறது. ‘ஊர்ப்பணம்’ எளிமையான சொல்தான், ஆனால் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் பொதுப்பணத்தை மக்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். ‘ஊர்க்காசு’ என்று வையுங்கள். கேட்டவுடன் விளங்கும்.

மறுமொழி 2

எனக்கு உடன்பாடில்லை. முதலாவதாக, கீம்கவர் ஓர் ஊருக்குரியதன்று; ரோசன்ஹைம், டிரவுன்ஸ்டைன் என்னும் இரு மாவட்டங்களில் செல்வது. இரண்டாவதாக, காசு என்பது உலோகம். தாளாகவும் கணக்கில் எண்ணாகவும் இருப்பதைக் காசு என்று மாணவர்களுக்குக் கற்பித்தால், நாணயம் என்றபோது அந்த மாணவிக்கு நேர்ந்த குழப்பமே திரும்பவும் நேரும். ‘வட்டாரப் பணம்’ என்பதே துல்லியமானது.

மறுமொழி 3

காசு உலோகம்தான் என்றால், குறுந்தொகை 67ஆம் பாடலை என்ன செய்வது? கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், புது நூல் கோப்பவனின் நகநுனியில் இருக்கும் ‘பொலங்கல ஒருகாசு’ போலத் தோன்றுகிறது. அங்கே காசு, அணிகலனில் கோக்கும் பொன்மணி. கடையில் கொடுத்து மாற்றும் பணமன்று. சிலப்பதிகாரத்தில் மாசறு பொன்னே என்று தொடங்கும் வரிகளில் வரும் ‘காசறு விரை’யில் அதே சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கோ அது வாய்பாடாகவே ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் நடந்த சொல் தாளுக்கு வருவதில் தடையென்ன? யாழ்ப்பாணத்தில் இன்றும் பணம் முழுவதும் காசுதான்.

கூடவே ஒன்று. ஆஸ்திரியாவின் வெர்கல் நகரில் 1932இல் நகரத்தலைவர் உன்டர்குகன்பெர்கர் வெளியிட்ட தாள்களை வைத்திருப்போர், அவை செல்லுபடியாக, மாதந்தோறும் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று கொடுத்து முத்திரை வில்லை வாங்கி அவற்றின்மேல் ஒட்ட வேண்டியிருந்தது. முடங்கிக் கிடந்தால் குறையும் இந்த வகையைத் ‘தேய்காசு’ எனலாம். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. தயவுசெய்து ‘தேய்க்காசு’ என்று அச்சிட்டுவிடாதீர்கள், தேய்த்தலாகிவிடும்.

மறுமொழி 4, மடலைத் தொடங்கியவர்

நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊர்க்காசு பக்கமே பெரும்பாலோர் நிற்கிறார்கள். இன்று வகுப்பில் அதைச் சொன்னபோது, “அந்த ஊரில் மட்டும் செல்லுகிற காசு” என்று மாணவர்களே விளக்கினார்கள். எனக்கு அதுவே போதும். தேய்காசையும் எடுத்துக்கொள்கிறேன். வெர்கல் தாள்களை ஆஸ்திரிய மைய வங்கி 1933இல் நிறுத்தவைத்த கதையை அந்தச் சொல்லோடுதான் எழுதியிருக்கிறேன்.

மறுமொழி 5, இரண்டாம் மறுமொழியை எழுதியவர்

அச்சுக்குப் போவதைத் தடுக்க விரும்பவில்லை. ஆனால், பக்கத்து மாவட்டத்து ஆலைக்காரரும் வாங்கிக்கொள்ளும் பணத்தை ஊர்க்காசு என்பது பிழை என்னும் என் கருத்து மாறவில்லை. இயலின் தொடக்கத்தில் ஒருமுறையேனும் ‘வட்டாரப் பணம் என்றும் கூறுவர்’ என்று சேர்த்துவிடுங்கள்.