தம்பிக்குச் சிறுநீரகப் புற்று, அம்மாவுக்குக் கையில் முடிச்சுகள்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

சேலத்துக்காரி:
தம்பிக்கு 34 வயது. இடது சிறுநீரகத்தில் கட்டி என்று சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'பாப்பிலரி டைப் 2' என்று சிறுநீரகப் புற்றின் ஒரு வகையைப் போட்டிருக்கிறது, நிணநீர் முடிச்சிலும் பரவியிருக்கிறதாம். குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா என்று கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னோம், உண்மையில் யாருக்கும் இல்லை. இப்போது இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டப் போனால், அவர் கூட வந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மேற்கையில் கொத்தாகச் சிவந்த சின்ன முடிச்சுகள், குளிர்காலத்தில் சுருக்கென்று வலிக்கும். 31 வயதிலேயே கர்ப்பப்பையில் நிறையக் கட்டி என்று எடுத்தாயிற்று. எனக்கும் ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைக் கட்டி இருக்கிறது. அவர் 'எஃப்ஹெச் ஜீன் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பையனுக்கு 9 வயது. டெஸ்ட் எல்லாம் இல்லாமல், வருஷத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டால் போதாதா?

மணி_திருச்சி:
அக்கா, ஃபைப்ராய்டு இல்லாத வீடு எது? என் மனைவிக்கும் இருக்கிறது, அத்தைக்கும் இருந்தது. இதற்கெல்லாம் ஜீன் டெஸ்ட் எழுதினால் ஊரில் பாதிப் பேருக்கு எழுத வேண்டும். ஸ்கேன் போதும் என்று நினைக்கிறேன்.

நுண்ணோக்கி:
நான் பேத்தாலஜிஸ்ட், திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவன். மணி சார் சொல்வதில் பாதி சரி, ஃபைப்ராய்டு மட்டும் இருந்தால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுக்கும் அளவுக்குக் கட்டி, குளிரில் வலிக்கும் தோல் முடிச்சு, 34 வயதில் பரவக்கூடிய சிறுநீரகப் புற்று, மூன்றும் ஒரே ரத்தத்தில் வந்தால் அது வேறு, ஹெச்எல்ஆர்சிசி என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அம்மாவின் கையைப் பார்த்த அந்த டாக்டரைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் தோல் ஒரு டாக்டரிடமும் கர்ப்பப்பை இன்னொருவரிடமும் சிறுநீரகம் மூன்றாமவரிடமும் போய்விடுவதால்தான் இந்த நோய் பல குடும்பங்களில் பெயரே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஃப்ஹெச் என்றால் ப்யூமரேட் ஹைட்ரேட்டேஸ். செல்லுக்குள் சக்தி தயாராகும் கிரெப்ஸ் சுழற்சியில் ப்யூமரேட்டை மாலேட்டாக மாற்றும் நொதி. அது வேலை செய்யாவிட்டால் மடை அடைத்த வாய்க்கால் மாதிரி ப்யூமரேட் தேங்கும். தேங்கியது ஹெச்ஐஎஃப் என்ற புரதத்தைச் சிதைய விடாமல் தடுக்கும், உடனே செல் ஆக்ஸிஜன் இருந்தும் இல்லாதது போல நடந்துகொண்டு, ரத்தக்குழாயை வளர்த்து சர்க்கரையை விழுங்க ஆரம்பிக்கும். இந்தக் குடும்ப நோய்க்கு எஃப்ஹெச் ஜீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தது 2002-இல்.

அப்புறம் அந்த 'டைப் 2'. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் பாப்பிலரியை டைப் 1, டைப் 2 என்று பிரிப்பதே கிடையாது. அந்தப் பெயருக்குள் முன்பு ஒளிந்திருந்தவற்றில் ஒன்றுதான் எஃப்ஹெச் குறைபாட்டுப் புற்று, இன்று அதற்குத் தனி இடம் இருக்கிறது. எனவே முதல் வேலை, ஆபரேஷன் செய்த இடத்தில் தம்பியின் பாரஃபின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் திசுவைக் கேட்டு வாங்கி, எஃப்ஹெச் ஐஹெச்சி (குறிப்பிட்ட புரதம் திசுவில் இருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்வது. கட்டியில் எஃப்ஹெச் நிறமே ஏறவில்லை என்றால் சந்தேகம் பலமாகிவிடும். நிறம் ஏறினாலும் விட்டுவிடக் கூடாது, சில ஜீன் மாற்றங்களில் புரதம் இருக்கும், வேலைதான் செய்யாது. அதற்கு, தேங்கிய ப்யூமரேட் விட்டுச்சென்ற தடயத்தைக் காட்டும் '2எஸ்சி' என்ற ஐஹெச்சி உதவும், ஆனால் எல்லா லேபிலும் கிடைக்காது. எஸ்டிஹெச்பி ஐஹெச்சியும் சேர்த்தே கேளுங்கள். அதே சுழற்சியில் பக்கத்து நொதி அது, அதில் குறை என்றாலும் இளம் வயதில் சிறுநீரகக் கட்டி வரும்.

பிளாக்கில் முடிவு எப்படி வந்தாலும் தம்பிக்கு ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் வேண்டும். நோய் வந்தவரிடம் மாற்றம் எது என்று தெரிந்தால், அம்மாவுக்கும் உங்களுக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். உங்களிடம் இல்லை என்றால் பையனுக்குப் பார்க்கவே வேண்டாம்.

கடல்கடந்தவள்:
எனக்கு அந்த எஃப்ஹெச் ஜீன் மாற்றம் இருக்கிறது, அப்பா வழியில் வந்தது. அல்ட்ராசவுண்ட் போதாது என்று என் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், இந்தக் கட்டி சின்னதாக இருக்கும்போது அதில் கண்ணுக்குத் தப்பிவிடலாமாம். வருஷம் ஒரு எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட் ஊசியுடன், மெல்லிய வெட்டுகளாக எடுக்கிறார்கள். ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியது என்பதால் கதிர்வீச்சு உள்ள சிடி வேண்டாம் என்றார்கள். மாற்றம் இருக்கும் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதுக்குள்ளேயே தொடங்கச் சொல்கிறார்கள், அதனால் உங்கள் பையன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பயப்படவும் வேண்டாம், மாற்றம் இருக்கும் எல்லாருக்கும் சிறுநீரகப் புற்று வருவதில்லை, பெரும்பாலானோருக்கு வராது.

மணி_திருச்சி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பரம்பரைக் கட்டி என்றால் 3 செ.மீ. ஆகும் வரை காத்திருந்து பார்ப்பார்கள் என்று எங்கேயோ படித்தேனே?

நுண்ணோக்கி:
அது விஹெச்எல் என்ற வேறொரு பரம்பரை நோய்க்கு. இங்கே அந்தக் கணக்கு ஆபத்து, கட்டி சின்னதாக இருக்கும்போதே பரவக்கூடியது. தெரிந்த உடனே, சுற்றிலும் தாராளமாக விட்டு எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

சேலத்துக்காரி, தம்பிக்கு ஏற்கனவே பரவியிருப்பதால் ஒன்று. ஐஹெச்சியில் எஃப்ஹெச் குறைபாடு உறுதியானால், பெவாசிஸுமாப் ஊசியும் எர்லோட்டினிப் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய சோதனையில் இந்த வகைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. சாதாரண சிறுநீரகப் புற்றுக்கு இந்த ஜோடியை எழுத மாட்டார்கள், அதனால் ஐஹெச்சி ரிப்போர்ட் கையில் இருக்கும்போது கேட்பது நல்லது.

சேலத்துக்காரி:
நன்றி சார். திங்கள்கிழமை பிளாக் வாங்கப் போகிறேன். அம்மாவின் பழைய கர்ப்பப்பை ரிப்போர்ட்டும் பரணில் கிடக்கும், அதையும் தேடி எடுத்துப் போகட்டுமா?

நுண்ணோக்கி:
கட்டாயம் எடுத்துப் போங்கள். ஸ்லைடு கிடைத்தால் இன்னும் நல்லது.