காசு குடுத்து கோட் தைச்சவங்க எல்லாம் ஆபீசரா? (வாட்டர்லூ ரீஎனாக்ட்மெண்ட்)

மஸ்கட்மணி:
1815 வாட்டர்லூ போர அந்த கால உடுப்புல நடிச்சுக் காட்ற ரீஎனாக்ட்மெண்ட்ல, போன சீசன் ஒரு நிகழ்ச்சில பிரிட்டிஷ் பக்கம் ஒரு குழுவ பாத்தேன், மொத்தமே 11 பேரு, அதுல 4 பேரு ஆபீசர். செக்கச்செவேல்னு கோட்டு, பட்டு இடுப்புக்கச்சை, தோள்ல தங்க எபாலெட் (ஆபீசர் தோள்பட்டை அலங்காரம்), வாளு, எல்லாம் பக்கா, ஆனா வரிசைல துப்பாக்கி புடிக்க 7 பேருதான். 1815ல ஒரு பட்டாலியனுக்கு 10 கம்பெனி, ஒரு கம்பெனில பேப்பர் கணக்குக்கு 100 பேரு, அவங்களுக்கு கேப்டனையும் சேத்து 3, 4 ஆபீசர். நம்ம குழுக்கள்லயும் மொதல்ல சிப்பாயா நிக்கணும், அப்புறம் சார்ஜென்ட், அதுக்கப்புறம்தான் அந்த கோட்டு.

செங்கோட்டுரவி:
மணி அண்ணே, நீங்க சொல்றதுதான் வரலாற்றுக்கு ஒத்துவரல. அந்த ஆர்மில பதவியையே காசு குடுத்துதான வாங்கினாங்க? சாதா ரெஜிமென்ட்ல என்சைன் (ஆபீசர்ல கடைசி படி) பதவி சுமார் 400 பவுண்டு, சிப்பாய்க்கு சம்பளம் நாளுக்கு 1 ஷில்லிங், அதுலயும் பிடித்தம். வாட்டர்லூல பிரிட்டிஷ் தளபதியா இருந்த வெலிங்டனே தன் அண்ணன் காசுலதான் 1793ல 33வது ரெஜிமென்ட்ல லெப்டினன்ட் கர்னல் ஆனாரு. 1871 வரைக்கும் இந்த முறை இருந்துச்சு. கீழ இருந்து மேல வந்த ஆபீசர்தான் அங்க அபூர்வம்.

மஸ்கட்மணி:
ரவி, பாதிய மட்டும் சொல்றீங்க. பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதி யார்க் பிரபு 1795லயே ரூல் போட்டுட்டாரு, 2 வருஷ சர்வீஸ் இல்லாம கேப்டன் ஆக முடியாது, 6 வருஷம் இல்லாம மேஜர் ஆக முடியாது, கையில எவ்ளோ பணம் இருந்தாலும் சரி. போர் நடந்த வருஷங்கள்ல பதவி உயர்வு பெரும்பாலும் சீனியாரிட்டிலதான் வந்துச்சு, ஏன்னா மேல இருந்தவங்க செத்துக்கிட்டே இருந்தாங்க.

பிரெஞ்சுப்பட்டாளம்:
எங்க பிரெஞ்சு பக்கம் இந்த சண்டையே கெடையாது. நெப்போலியனோட தளபதி மார்ஷல் நே பீப்பாய் செய்றவரு மகன், 1787ல சாதா குதிரைப்படை சிப்பாயா சேந்தவரு. அத விடுங்க, எனக்கு முக்கியம் பாதுகாப்பு. கருமருந்துல வெளையாட்டு இல்ல. யாரு துப்பாக்கி வெடிக்கல, யாரு அது தெரியாம மேல இன்னொரு தோட்டாவ கொட்றான், எதிர்ல எத்தன அடில ஆளு நிக்கிறான், இத்தனையும் அந்த பொகைக்குள்ள ஆபீசர்தான் கவனிக்கணும். பல எடத்துல ராம்ராட (குழாய்க்குள்ள மருந்த குத்தி இறக்குற கம்பி) வெளிய எடுக்கவே விடமாட்டாங்க, குழாய்க்குள்ள மறந்து விட்டுட்டா ஈட்டி மாதிரி பாயும். வரிசைல நின்னு 50 தடவ லோட் பண்ணாதவனுக்கு இது கண்ணுல படாது.

செங்கோட்டுரவி:
பாதுகாப்பு விஷயத்த ஒத்துக்கறேன், அதுக்கு பரீட்சை வைங்க, பாஸ் பண்ணவன் ஆபீசர் ஆகட்டும். ஆனா எனக்கு வயசு 56, முட்டி போச்சு, 4 கிலோவுக்கு மேல இருக்க துப்பாக்கிய நாள் முழுக்க தூக்கி முன்வரிசைல மண்டி போட முடியாது. டிரில் புத்தகம் முழுக்க மனப்பாடம், ஆர்டர் குடுத்தா கடைசி ஆளுக்கு வரைக்கும் கேக்கும். என்ன மாதிரி ஆள வீட்டுக்கு அனுப்பிட்டா பசங்களுக்கு யாரு டிரில் சொல்லித் தருவா?

மஸ்கட்மணி:
யாரும் வீட்டுக்கு போகச் சொல்லல ரவி. சார்ஜென்ட்டா வாங்க, துப்பாக்கி வேணாம், பைக் (சார்ஜென்ட் வச்சிருந்த நீள ஈட்டி) புடிச்சா போதும், டிரில் சொல்லித் தர்றதே அவரு வேலதான. அந்த 11 பேருக்கு இல்லாம போனது அப்படி ஒரு ஆளுதான்.

செங்கோட்டுரவி:
பைக் புடிக்கிறேன். ஆனா கேப்டன் கோட்ட விக்க மாட்டேன், 20 பேரு சேந்த அன்னைக்கு மறுபடி கேப்பேன்.