கொலஸ்ட்ரால் நார்மல், ஈரல்ல கொழுப்பு: பார்த்தவங்க எழுதுங்க

லேப்காரன், மன்னார்குடி:
மெஷின்ல சுத்தி எடுத்த ரத்த டியூப்ல மேலே நிக்க வேண்டியது வைக்கோல் நிறத் தெளிநீர். அன்னிக்கு நின்னது பால் மாதிரி. ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல ஓடற ஒரு வகைக் கொழுப்பு, 640. ரிப்போர்ட்டை வாங்கின பெரியவர், "தம்பி, எல்.டி.எல். கட்டத்துல கோடு போட்டிருக்கே, மறந்துட்டியா?"ன்னார். மறக்கல. எல்.டி.எல்.னா கெட்ட கொலஸ்ட்ரால், எச்.டி.எல்.னா நல்லது. மொத்த கொலஸ்ட்ரால்ல எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சா வர்றதுதான் எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினா இந்தக் கணக்கு உதவாது, நேரடியா அளக்கற டெஸ்ட் தனியா போடணும். வெறும் வயிறுன்னவர், காலையில காபி குடிச்சதைக் கிளம்பும்போதுதான் சொன்னார்.

குடமுருட்டிக் கரை:
ஒரு டம்ளர் காபியில 640 வராது சார். முந்தின ராத்திரி சரக்கு, கட்டுல இல்லாத சுகர், இந்த ரெண்டையும் கேட்டிருக்கணும்.
பாபநாசத்துக்காரர் ஒருத்தருக்கு மொத்தம் 188, ட்ரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34. "200க்குள்ளதானே"ன்னு ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டார். ஸ்கேன்ல ஈரல் வெளுத்துத் தெரிஞ்சுது. 188ல 34 போனா 154, அது 130க்குள்ள இருக்கணும். ட்ரைகிளிசரைடு 150க்குள்ள. எச்.டி.எல். ஆம்பளைக்கு 40, பொம்பளைக்கு 50க்குக் குறையக் கூடாது. வயித்துச் சுத்தளவு 90, 80 செ.மீ. தாண்டக் கூடாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப் வைங்க. தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டற இடத்துல அளந்தா குறைச்சுக் காட்டும். நெய்யை மட்டும் நிறுத்திட்டு சாம்பார், ரசம், மோருன்னு மூணு தடவை சோறு வாங்கினா பிரயோஜனமில்லை. மிஞ்சற மாவுச்சத்தை ஈரலே கொழுப்பாக்கி ரத்தத்துல விடும். சோறு ஒரு தடவை, மிச்சத்துக்குக் காயும் சுண்டலும். 80 கிலோ ஆள் 4 கிலோ குறைஞ்சாலே ஈரல் கொழுப்பு இறங்கும், அழற்சி அடங்க 6 கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாசத்துல குறைச்சா பித்தப்பையில கல் வரலாம்.

லேப்காரன், மன்னார்குடி:
காபிதான் காரணம்னு நான் எழுதவே இல்லையே.

ஓடம்போக்கி, திருவாரூர்:
டயட் யாரும் கேக்கல. ஈரல்ல தழும்பு விழுந்திருக்கான்னு பாக்கற ஃபிப்-4 கணக்கைச் சொல்றேன். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டும் ஈரல் டெஸ்ட்ல வர்ற என்சைம் அளவு, பிளேட்லெட் ரத்தத் தட்டணு. வயசை எஸ்.ஜி.ஓ.டி.யால பெருக்கணும், பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யோட வர்க்கமூலத்தால பெருக்கி, அதால வகுக்கணும். ஒருத்தருக்கு வயசு 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2.1 லட்சம். அவர் பையன் 2.1ன்னே போட்டுட்டான். 148 வந்துது, ராத்திரி பூரா வீட்ல அழுகை. ஆயிரத்துக் கணக்குல 210ன்னு போடணும், 1.49தான். 1.3க்குக் கீழ நிம்மதி, 2.67க்கு மேல உடனே ஈரல் டாக்டர். இவர் நடுவுல, ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்கற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணும். 65 தாண்டினவங்களுக்கு 1.3க்குப் பதிலா 2.

மருந்துக்கடை, கும்பகோணம்:
இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சவர். ஸ்கேன்ல கொழுப்புன்னதும் கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினைத் தானே நிறுத்திட்டுக் கீழாநெல்லிப் பொடி கேட்டு வந்தார். ஈரல் கொழுப்புக்காக ஸ்டேட்டினை நிறுத்த வேண்டியதில்லை. எஸ்.ஜி.பி.டி. மேல் வரம்பைப் போல மூணு மடங்கு தாண்டினா டாக்டர் யோசிப்பார். இவருக்கு 58தான். சட்டைப்பையிலேர்ந்து அட்டையை எடுத்துக் காட்டினார், இன்னும் 11 மாத்திரை இருந்துது.